பாட்டியும் அப்பாவும் நீங்களும்: ஒரே தாமான் வீட்டில் மூன்று காலம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். உங்களுக்கு வயது 24. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்து இப்போது ஈப்போவில் வேலை செய்கிறீர்கள். முதலாளி இரண்டு மாத ஓவர்டைம் காசைத் தராமல் இழுத்தடிக்கிறார். போய்க் கேட்கப் போகிறேன் என்றால் பாட்டி "வாய மூடிக்கிட்டு இருய்யா, வேலை போயிடும்" என்கிறார். இந்த வேலையே வேண்டாம், சிங்கப்பூர் போகிறேன் என்றால் அப்பா "மொதல்ல ஒரு வீட்ட வாங்கிப் போட்டுட்டு எங்க வேணும்னாலும் போ" என்கிறார். பூமர், ஜென் எக்ஸ், ஜென் இசட் என்று இணையத்தில் சுற்றும் அட்டவணையில் மூன்று பேரையும் பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். பொருந்தவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள்.

பொருந்தாதுதான். அது அமெரிக்காவின் அட்டவணை. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பூமர்கள். போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், வேலை கிடைத்தது, கடனில் வீடு கிடைத்தது, பிள்ளைகள் நிறையப் பிறந்தார்கள். அந்தச் செழிப்பில் வளர்ந்தவர்களுடைய குணத்தைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அதே ஆண்டுகளில் நம் ஊரில் நடந்தது வேறு. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டங்களை நடத்திய மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு மூன்று நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது முடிய 1960 ஆயிற்று. பன்னிரண்டு வருடத்தை ஊரடங்கிலும் முள்கம்பிக்கு உள்ளேயும் கழித்தவர்களுக்குச் செழிப்பில் பிறந்தவர்களின் பெயரைச் சூட்டினால் எப்படி ஒட்டும்?

தலைமுறை பற்றி யோசித்தவர்களில் இரண்டு பேர் நமக்குப் பயன்படுவார்கள். கார்ல் மான்ஹைம் 1928இல் ஒன்று சொன்னார்: ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் யாரும் ஒரு தலைமுறை ஆகிவிடுவதில்லை, இளமையில் ஒரே நிகழ்வின் ஊடே ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970களில் சொன்னது வேறு: வளரும் வயதில் எது கிடைக்காமல் போகிறதோ அதையே மனிதன் ஆயுளுக்கும் பெரிதாக மதிப்பான், பிற்பாடு அது தாராளமாகக் கிடைத்தாலும் மதிப்பு லேசில் மாறாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நம் ரப்பர் தோட்டத்துக்கு வருவோம். இடைநிலைப் பள்ளியில் வரலாறு போதித்தவன் நான், பிறந்தது தோட்டக் கம்பெனி கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டில். என் கணிப்பில் நம் ஆட்களின் தலைமுறைகளைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: பதினெட்டு வயதில் உங்கள் தலைக்கு மேல் இருந்த கூரை யாருடையது?

உங்கள் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர் ஜப்பான்காரன் காலத்தை ஒட்டிப் பிறந்தவர். அவருடைய அப்பாவோ தாத்தாவோ கங்காணி மூலம் கப்பலேறி வந்திருப்பார்கள். தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை அதுதான் வழி. கங்காணி வெளியாள் இல்லை; பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். கப்பல் செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே, வேலை பிரித்துக் கொடுப்பவரும் அவரே, பஞ்சாயத்துப் பேசுபவரும் அவரே. கடன், வேலை, உறவு மூன்றும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது எதிர்த்துப் பேசுவது என்றால் மூன்றையும் ஒரே நாளில் இழப்பது.

அதற்காக அந்தக் காலத்து ஆட்கள் வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது. கூலி உயர்வு கேட்ட அதே தாளில் சைக்கிளைப் பற்றியும் கேட்டார்கள்! இன்று நீங்கள் சுயமரியாதை என்று சொல்கிறீர்களே, அது ஜென் இசட் கண்டுபிடித்தது இல்லை. அந்த வேலைநிறுத்தத்துக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சில மாதத்தில் ஜப்பான்காரன் இறங்கினான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். திரும்பாதவர்களின் கதை இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. அதே காலத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய பெண்பிள்ளைகள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். போர் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் முளைத்தன. அவற்றின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு.

உங்கள் பாட்டிக்கு அப்போது ஆறேழு வயது. செய்தித்தாள் படித்திருக்க மாட்டார். ஆனால் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்திருப்பார். பேசியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கண்ணால் கண்டவர்கள் அவரை வளர்த்தார்கள். பாட்டியின் "வாய மூடு" அங்கிருந்து வருகிறது.

அவசரகாலத்தில் தோட்டம் எப்படி நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் திரட்டி, சுற்றிலும் முள்கம்பி அடித்து, வாசலில் காவல் போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்பதற்காக, பால் வெட்டப் போகிறவர்களைக்கூட வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். கையில் சாப்பாடு கொண்டுபோகத் தடை இருந்த வட்டாரங்கள் உண்டு. பால்வெட்டு வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இது எத்தனை கொடுமை என்று புரியும். விடிவதற்கு முன் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் விடும். நாலு மணிக்கு எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) பேர் கொடுத்து, இருட்டோடு நிரையில் இறங்க வேண்டும். வெட்டி முடித்து, மங்கு என்ற கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுக்கும்போது மதியமாகிவிடும். அதுவரை வெறும் வயிறு. மழை பெய்தால் மங்கில் தண்ணீர் கலந்துவிடும். அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. உங்கள் பாட்டி மழை மேகத்தைப் பார்த்தாலே முகம் சுளிப்பார் என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடையாள அட்டையும் அந்த 1948இல்தான் வந்தது. ஆள் அடையாளம் காணும் அவசரகால ஏற்பாடாகத் தொடங்கியது அது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதை ஒரு துண்டு அட்டை முடிவு செய்யும் என்பதைப் பாட்டியின் தலைமுறை சிறுவயதிலேயே கற்றுக்கொண்டது. பிறகு 1957இல் சுதந்திரம் வந்தது. ஆனால் சுதந்திரத்துக்கு முன் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் தாமாகவே குடிமக்கள் ஆகிவிடவில்லை. மனுப் போட வேண்டும், பிறப்புப் பத்திரம் வேண்டும், மலாய் தெரிய வேண்டும், பட்டணத்துக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்லியாயிற்று, பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டவர்கள் ஏராளம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அமலானபோது குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. உங்கள் பாட்டிக்கு அப்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும், கையில் பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனதைப் பார்த்திருப்பார். இன்றும் எந்தத் தாளையும் கிழிக்க விடமாட்டார், 1980களின் கரண்டு பில்லைக்கூடப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சரி, காலம்தான் காரணம் என்று இத்தோடு முடித்துவிடலாமா? முடியாது. அதே அவசரகாலத்தில் காட்டோரம் வாழ்ந்த சீனர்கள் சுமார் 5 இலட்சம் பேரைப் பெயர்த்து எடுத்துப் புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். அவர்களும் முள்கம்பிக்குள் இருந்தார்கள், அவர்களையும் சோதித்தார்கள், பட்ட துன்பம் நம்மவர்களுக்குக் குறைந்தது இல்லை. ஆனால் வேலியை எடுத்த பிறகு அந்த வீட்டுமனை பின்னாளில் பலருக்குக் குத்தகை உரிமையோடு கைக்கு வந்தது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டத்தில் நிலமில்லாத கிராமத்து மக்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், நிலம் பெற்றார்கள். நம்மவர்களைத் திரட்டி வைத்ததோ கம்பெனி நிலத்தில். வேலி போனது, நிலம் கம்பெனிக்கே இருந்தது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது அந்தக் கூரையும் ஆட்டம் கண்டது. நம் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க முனைந்ததற்கு இந்தத் துண்டாடல்தான் காரணம். நல்ல காரியம். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா?

ஆக, ஒரே ஊரில், ஒரே ஆண்டில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்குக் காலம் ஒன்றுதான், அது கையில் கொடுத்தது வேறு வேறு. மான்ஹைம் சொன்ன 'ஒரே இடம்' என்பதை நம் ஊரில் மீட்டர் கணக்கில் அளக்கலாம்.

இப்போது அப்பா. 1968 வாக்கில் பிறந்தவர் என்றால் ஏறக்குறைய என் செட்டு. எங்கள் காலத்தைப் பற்றி அதிகம் புலம்ப விரும்பவில்லை. எங்களைத் துப்பாக்கியோடு யாரும் சோதிக்கவில்லை. எங்கள் சிக்கல் வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அப்புறம் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பு, அதற்குப் பிறகுதான் முதல் படிவம். அதற்குள் எல்லாப் பாடமும் மலாய்க்கு மாறியிருந்தது. லயத்தில் மலாய் பேச ஆள் ஏது? பாதிப் பேர் மூன்றாம் படிவத்தைத் தாண்டவில்லை. மந்தப் புத்தி என்று வாத்தியார்கள் சொன்னார்கள். இன்னொரு காரணம் இருந்தது, அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். வேலை செய்கிறவருக்குத்தான் லயத்து வீடு. அப்பா 55 வயதில் ஓய்வு பெற்றால், வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் குடும்பம் அங்கே இருக்கலாம். ஆகவே நாலு பிள்ளைகளில் ஒன்றைத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுப்பார்கள். பெரும்பாலும் மூத்த பெண் அல்லது படிப்பில் கொஞ்சம் பின்தங்கிய பையன். மற்ற மூன்று பேரும் படிக்க, அந்த ஒருவர் கூரையைத் தாங்கினார். உங்கள் குடும்பத்தில் அது யார் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அத்தையாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அந்தக் கடனை அவர்கள் யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் கல்யாணம், கருமாதி என்று வரும்போது அந்த அத்தைக்குத்தான் முதல் சேலை.

எங்கள் செட்டு எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு எழுதி வெளியே வந்தபோது 1985, 86இன் பொருளாதார மந்தம். தோட்டத்திலோ ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை என்பது நல்லதுதான், எழுந்துபோக வேலையும் இல்லை என்பது மறுபக்கம். பிறகு தோட்டங்களை மேம்பாட்டுக்கு விற்றபோது லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். இழப்பீடாகக் கிடைத்தது குடும்பத்துக்குக் குடும்பம், தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. கோயிலைக்கூட விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இதையெல்லாம் இருபது, முப்பது வயதில் பார்த்தவருக்கு வாழ்க்கையில் எது பெரிது? தாள். சர்டிபிகேட் ஒரு தாள், வீட்டுப் பத்திரம் இன்னொரு தாள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்து ஒரு மலிவு விலை தரைவீட்டை வாங்கியவரிடம் போய் "வாடகையே லாபம்" என்று கணக்குக் காட்டாதீர்கள். நான் கணிதம் கொஞ்சம் தெரிந்தவன், வாடகை லாபமாகலாம் என்று எனக்கே தெரியும். அவர் பேசுவது கணக்கில்லை.

பாட்டிக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சம்பவத்தில் நம் ஊரே பார்த்தது. 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்காகப் பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் திரண்டார்கள், கண்ணீர்ப்புகை பட்டார்கள், அடுத்த மாதமே ஐந்து பேர் விசாரணையின்றி உள்ளே போனார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. கிழவிகள் கதவைச் சாத்தினார்கள். நடுவயதுக்காரர்கள் போனார்கள், அல்லது போகாமல் அதை நினைத்துக் குமைந்தார்கள். 2008 மார்ச்சில், 1974 முதல் நம் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு தோற்றார். வாக்குச் சாவடியில் யாருக்கும் தெரியாமல் பேசலாம் அல்லவா? எங்கள் செட்டுக்கு அந்த அளவு துணிவு வந்திருந்தது, ஏனென்றால் எங்களில் பலர் அதற்குள் கம்பெனி வீட்டை விட்டு வெளியே வந்திருந்தோம்.

இனி உங்களுக்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். ஓவர்டைம் காசைத் தட்டிக் கேட்பேன், மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினால் கடிதம் கொடுத்துவிட்டு வருவேன் என்கிறீர்கள். சந்தோஷம். பாட்டியும் அப்பாவும் பயந்தாங்கொள்ளிகள் என்ற தொனியும் உங்கள் கேள்வியில் இருக்கிறது; அது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கே வேலை போனாலும் நீங்கள் படுக்க ஒரு கட்டில் இருக்கிறது. அந்த வீட்டின் பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. உங்கள் துணிச்சலில் பாதிக்கு மேல் அந்தப் பத்திரத்தின் வட்டி. உங்கள் காலத்தில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உங்களுக்கு பத்தொன்பது. வகுப்பறைக்குப் பதில் கைப்பேசித் திரை. பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடனோடு வேலைக்கு வந்தீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆகியிருக்கிறது, அதில் வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பது எப்படி என்று அப்பாவுக்கும் தெரியாது. அவர் வாங்கிய விலையில் இன்று மோட்டார் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. இந்த விஷயத்தில் அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தவில்லை என்பது உண்மை.

என் கணிப்பு சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஊரைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசத்து இளைஞர்களும் இந்தோனேசிய இளைஞர்களும் குலை அறுக்கிறார்கள். உங்கள் வயதுதான், அட்டவணைப்படி ஜென் இசட். கையில் உங்களுடையதைவிடப் புதிய கைப்பேசி. ஆனால் பெர்மிட் முதலாளி பெயரில், படுக்கை முதலாளி கொடுத்த கொட்டகையில். அவர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள். பதிலுக்குச் சிரிப்பார்கள், அக்கம்பக்கம் பார்ப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். அப்படியே உங்கள் பாட்டி. தமிழும் இல்லை, வயதும் இல்லை, கூரை மட்டும் அதே கூரை.

சிங்கப்பூர் பற்றி: போகலாம். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளி வாக்கில் கிடைக்கும்போது போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் வீடு வாங்குவதா வேண்டாமா என்று மோதாதீர்கள். மாதாமாதம் இங்கே ஒரு தொகை சேரும், இபிஎஃப்பில் நானாகக் கட்டுவேன் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். அவருக்குத் தாள் பிடிக்கும்.

ஓவர்டைம் காசைக் கண்டிப்பாகக் கேளுங்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் ஓவர்டைம் காசும் கைக்கு வர வேண்டும். கொடுக்காவிட்டால் ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அங்கே விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் இருக்கிறது. சம்பளச் சீட்டுகள், வேலை நேரம் பதிந்த அட்டை, மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். பாட்டியிடம் இப்போதே சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம், காசு வந்த பிறகு சொன்னால் போதும்.